பைத்தான் பொதியாக்கத்தில் அலகுச் சோதனை: ஓட்டுமுறைத் தேர்வு பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

ஒருவர் எழுதிய நிரலைப் பிறர் தம் கணினியில் எளிதில் நிறுவிக்கொள்ளுமாறு, இயங்குதளத்தின் ஏனைய உறுப்புகளோடு இயையக் கட்டித் தருவதைப் பொதியாக்கம் என்பர். கட்டப்பட்டது பொதி; கட்டுவோர் பொதியாக்குநர். 1993-இல் தோன்றிய டெபியன், 2002-இல் முதற் பதிப்பு வெளிவந்த ஜென்டூ, 2003-இல் தொடங்கிய ஃபெடோரா ஆகிய லினக்சு வழங்கல்கள் இவ்வாறு கட்டப்பட்ட பொதிகளின் பெருந்தொகுதிகளே ஆகும். நிரலாசிரியர் வேறு, பொதியாக்குநர் வேறு என்பது இவற்றின் பொதுவியல்பு. தாம் எழுதாத நிரலைத் தம் பொறுப்பில் பிறர்க்கு அளிப்பவர் பொதியாக்குநர். பிறர் இயற்றிய நூலைப் பதிப்பித்து வழங்கும் பதிப்பாசிரியரின் நிலை எத்தகையதோ, ஏறத்தாழ அத்தகையதே இவர் நிலையும்.

தமிழாய்வோர்க்கு இச்செய்தி அயலானதன்று. சொல்லடைவு தொகுத்தல், எழுத்தும் சொல்லும் எண்ணுதல், பாடங்களை ஒப்பிடுதல் முதலிய பணிகள் இன்று கணினியின் துணையால் நிகழ்கின்றன. அவற்றிற்கு உதவும் நிரல்களுட் பல பைத்தான் மொழியில் எழுதப்பட்டவை. ஆய்வாளர் நிரலின் உள்ளமைப்பை அறியார்; அது தரும் எண்ணை நம்பித் தம் முடிபை நிறுவுகின்றார். அவ்வெண் பிழையாயின் முடிபும் பிழையாம். நிரல் முற்றிலும் நின்றுவிட்டால் பிழை உடனே புலப்படும். பிழையான விடையை அமைதியாகத் தருமாயின் அது நெடுங்காலம் புலப்படாது. இத்தகைய மறைபிழைகளைப் பொதி வெளிவருமுன் தடுப்பதற்குப் பொதியாக்குநரிடம் உள்ள முதன்மையான கருவி, நிரலோடு சேர்ந்து வரும் அலகுச் சோதனைகளை ஓட்டிப் பார்த்தலாகும். அவற்றை ஓட்டுதற்கு முறைகள் பல உள. அவற்றுள் எதனை, எவ்வளவை கொண்டு தேர்தல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. அலகுச் சோதனையின் இயல்பு

நிரலின் ஒரு சிறு கூற்றைத் தனியே எடுத்து, அறிந்த உள்ளீட்டைக் கொடுத்து, எதிர்பார்த்த விடை வருகின்றதா என்று காண்பது அலகுச் சோதனை. அதுவும் ஒரு நிரலே. மனிதர் கண்கொண்டு நோக்காமலே, 'ஒத்தது' அல்லது 'ஒவ்வாதது' என்று தானே கூறவல்லது.

எடுத்துக்காட்டாக, எழுத்தெண்ணும் நிரல் ஒன்றைக் கொள்வோம். 'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன என்பது இலக்கணம். ஆயின் யூனிகோடு முறையில் அச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாக அமைகின்றது; யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 15 பைட்டுகளாகின்றது. பைத்தானின் நீளங்காணும் செயற்கூறு இச்சொல்லுக்கு 5 என்றே விடை தரும். ஆகவே எழுத்தெண்ணும் நிரலுக்குரிய முதற் சோதனை, 'தமிழ் என்னும் சொல்லுக்கு விடை 3 ஆதல் வேண்டும்' என்பதாகும்.

'கொடி' என்னும் சொல் மேலும் நுட்பமானது. ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறியும் காற்குறியும் ஆகிய இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். யூனிகோடு இவ்விரண்டனையும் ஒன்றெனவே கொள்ளும். கண்ணுக்கும் வேற்றுமை தோன்றாது. எனினும் முதல் வடிவில் சொல் நான்கு குறியெண்களையும், இரண்டாம் வடிவில் ஐந்தனையும் கொண்டிருக்கும். இரு வடிவங்களையும் ஒன்றாக்காத நிரல், சொல்லடைவில் 'கொடி'யை இரு வேறு சொற்களாகப் பதிவு செய்துவிடும். இரு வடிவங்களையும் கொடுத்து ஒரே விடை வருகின்றதா என்று காணும் சோதனை இப்பிழையை நொடியில் காட்டும்.

3. ஆசிரியர் வினாவும் பொதியாக்குநர் வினாவும்

நிரலாசிரியர் தாமே சோதனைகளை ஓட்டிப் பார்த்த பின்னரன்றோ வெளியிடுகின்றார். பொதியாக்குநர் மீண்டும் ஓட்டுதல் எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். இவ்விருவரும் ஒரே சோதனையை ஓட்டினும் வினவும் வினா வேறு என்பதே அதற்கு விடை. 'நான் செய்த மாற்றம் சரியானதா' என்பது ஆசிரியர் வினா. 'இப்பொருள், இவ்விடத்து நிறுவப்பட்டவாறு, இங்குள்ள பிற பொருள்களின் இப்பதிப்புகளோடு சேர்ந்து இயங்குமா' என்பது பொதியாக்குநர் வினா.

இவ்வேறுபாட்டின் வலிமையைத் தமிழெண்களைக் கொண்டே விளக்கலாம். முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 குறிகள், 2019 மார்ச்சில் வெளிவந்த யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழ்த் துணைத்தொகுதியாகச் சேர்க்கப்பெற்றன. பைத்தான் 3.7 யூனிகோடு 11.0 பட்டியலையும், பைத்தான் 3.8 யூனிகோடு 12.1 பட்டியலையும் தம்முட் கொண்டவை. முந்திரிக் குறியின் மதிப்பு யாது என வினவின், 3.8 பதிப்பு 320-இல் ஒரு பங்காகிய 0.003125 என விடை தரும், 3.7 பதிப்போ அத்தகைய எண்குறி இல்லை எனப் பிழை கூறும். நிரலில் ஓரெழுத்தும் மாறவில்லை. சூழல் மாறியது, விடையும் மாறியது. இவ்விரு பதிப்புகளும் இன்று பேணுவாரின்றி ஓய்ந்துவிட்டன எனினும், இவை காட்டும் உண்மை எல்லாப் பதிப்புகட்கும் பொருந்தும். ஆசிரியர் கணினியில் ஒத்த சோதனை பொதியாக்குநர் கணினியில் ஒவ்வாது போதல் இயல்பே. அவ்வொவ்வாமையைக் காண்பதற்காகவே அவர் சோதனையை மீண்டும் ஓட்டுகின்றார்.

4. ஓட்டுமுறைகளின் வரலாறு

சோதனைகளைத் தேடிக் கண்டு, ஒவ்வொன்றாக இயக்கி, முடிவைத் தொகுத்துக் கூறும் நிரலை ஓட்டி என்போம். பைத்தான் உலகில் ஓட்டிகள் பல தோன்றின.

முதலாவது யூனிட்டெஸ்ட். ஸ்டீவ் பர்செல் இயற்றிய பையூனிட் என்னும் இந்நூலகம், 2001-இல் வெளிவந்த பைத்தான் 2.1 பதிப்பில் பைத்தானோடு உடன்வரும் நூலகத்தில் இடம்பெற்றது. ஸ்மால்டாக் மொழிக்குக் கென்ட் பெக் அமைத்த எஸ்யூனிட்டும், ஜாவா மொழிக்கு அவரும் எரிக் காமாவும் அமைத்த ஜேயூனிட்டும் இதற்கு முன்னோடிகள். வகுப்பு ஒன்றனுள் சோதனைகளை முறைப்படுத்தி எழுதுதல் இதன் இலக்கணம். பைத்தான் உள்ள இடமெங்கும் இஃது உண்டாதலின் வேறெதனையும் நிறுவ வேண்டுவதில்லை.

இரண்டாவது பைடெஸ்ட். பைபை என்னும் திட்டத்தின் சூழலில் 2004-ஆம் ஆண்டளவில் ஹோல்கர் கிரேக்கலால் தொடங்கப்பெற்றது. வகுப்பின்றித் தனிச் செயற்கூறாகவும் சோதனையை எழுத இஃது இடந்தருகின்றது. ஒவ்வாமை நேரின் எவ்விடத்து எம்மதிப்பு வேறுபட்டது என விரிவாகக் காட்டுகின்றது. யூனிட்டெஸ்ட் முறையில் எழுதப்பட்ட சோதனைகளிற் பெரும்பாலனவற்றையும் இஃது ஓட்டவல்லது.

மூன்றாவது நோஸ். ஒருகாலத்துப் பெருவழக்குற்றிருந்த இவ்வோட்டியின் இறுதிப் பதிப்பாகிய 1.3.7, 2015-இல் வெளிவந்தது. அதன்பின் பேணுவாரிலதாயிற்று. 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10, நோஸ் சார்ந்திருந்த பழைய பெயர்கள் சிலவற்றை நீக்கியதால் அப்பதிப்பில் இஃது இயங்காதாயிற்று.

நான்காவது, செட்டப்டூல்ஸ் வழங்கிய 'சோதி' என்னும் பொருள்படும் கட்டளை. எத்திட்டத்திற்கும் ஒரே கட்டளை என்னும் எளிமை இதன்பால் இருந்தது. ஆயின் சோதனைக்கு வேண்டிய நூலகம் இல்லையெனின் அதனை இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும் இயல்பும் உடனிருந்தது. 2019-இல் இது கைவிடத்தக்கது என அறிவிக்கப்பெற்றது. 2024 ஜூலையில் செட்டப்டூல்ஸ் 72.0 பதிப்பில் நீக்கப்பெற்றது. அதனைச் சார்ந்திருந்த திட்டங்கள் பல அன்றே முறிந்தமையால், 72.1 பதிப்பில் பெயரளவில் மீட்கப்பெற்றது. சோதனையை ஓட்டும் ஆற்றல் மீளவில்லை.

ஐந்தாவது டாக்ஸ். இது நேர்ப்பொருளில் ஓட்டியன்று. ஓட்டிகளை நடத்தும் மேலாளி எனல் பொருந்தும். பைத்தானின் பல பதிப்புகட்கும் தனித்தனிச் சூழல்களை அமைத்து, வேண்டிய நூலகங்களை இணையத்திலிருந்து பெற்று நிறுவி, அவற்றுள் சோதனையை நடத்துகின்றது.

இவையேயன்றி, தமக்கென ஓட்டி உடைய திட்டங்களும் உள. டுவிஸ்டட் என்னும் நூலகத்திற்கு டிரையல் என்னும் ஓட்டி உண்டு. ஜாங்கோவும் தன் சோதனைகட்குத் தனி ஓட்டியை வைத்துள்ளது.

இவ்வரலாற்றில் ஒன்று நோக்கத்தக்கது. பைத்தான் பொதிகளைக் கட்டுதற்குப் பொது இடைமுகம் வகுத்த 517-ஆம் முன்மொழிவு 2017-இல் ஏற்கப்பெற்றது. அதன்பின் எந்நிரலாயினும் ஒரே வழியாற் கட்டுதல் இயல்வதாயிற்று. ஆயின் சோதித்தற்கு அம்முன்மொழிவு எவ்விடைமுகமும் வகுக்கவில்லை. ஆகவே கட்டும் முறை ஒன்றாயிற்று. சோதிக்கும் முறை இன்றும் பொதிதோறும் தேர்ந்தெடுக்க வேண்டியதாகவே உள்ளது.

5. முதல் அளவை: எத்தனை சோதனைகள் ஓடின?

தேர்வுக்குரிய அளவைகள் மூன்று என நாம் கருதுகின்றோம். ஓடிய சோதனைகள் எத்தனை, அவை எதன்மேல் ஓடின, எவற்றோடு சேர்ந்து ஓடின என்பன அவை. முதலாவதைக் காண்போம்.

ஆசிரியர் எவ்வோட்டியைக் கருதிச் சோதனைகளை எழுதினாரோ அதனையே தேர்தல் பொதுவிதி. இவ்விதியை மீறின் சோதனைகள் தோல்வியுறும் என்பது மட்டுமன்று. அவை காணாமற் போகும் என்பதே பெருங்கேடு. பைடெஸ்ட் முறையில் தனிச் செயற்கூறுகளாக எழுதப்பட்ட சோதனைகளை யூனிட்டெஸ்ட் காணாது. ஒரு தொகுதியில் நாற்பது சோதனைகள் தனிச் செயற்கூறுகளாகவும் மூன்று மட்டும் வகுப்பினுள்ளும் இருப்பின், யூனிட்டெஸ்ட் மூன்றனை ஓட்டி 'யாவும் நன்று' என முடிக்கும். நாற்பது விடுபட்டமையை அது கூறாது. மறுதலையாக, சோதனைகளைத் தாமே தொகுத்தளிக்கும் தனி நெறி ஒன்று யூனிட்டெஸ்டில் உண்டு. அதனைப் பைடெஸ்ட் ஏற்பதில்லை. அந்நெறியைக் கையாளும் திட்டங்களுக்குப் பைடெஸ்டைத் தேர்ந்தால் அவ்வழித் தொகுக்கப்பட்டவை விடுபடும்.

இக்கேட்டின் எல்லை, ஒரு சோதனையும் ஓடாத நிலையாகும். பைடெஸ்ட் ஒன்றும் காணாதவழி 5 என்னும் முடிவெண்ணைத் தந்து தோல்வியாகவே கொள்ளும். யூனிட்டெஸ்டோ நெடுங்காலம் 'சுழியம் சோதனைகள் ஓடின. நன்று' என வெற்றி கூறிவந்தது. 2023 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.12 முதலே அதுவும் 5 என்னும் முடிவெண்ணைத் தருகின்றது. அப்பதிப்புக்கு முற்பட்டவற்றில், கோப்புகளின் பெயர் மாற்றம் ஒன்றே எல்லாச் சோதனைகளையும் மறைத்துவிடவும், பொதி சோதிக்கப்பட்டதாகவே பதிவு பெறவும் கூடும்.

ஓடாத சோதனை தரும் வெற்றி, சோதனையே இல்லாமையினும் தீயது. இல்லாமை எச்சரிக்கும், பொய் வெற்றி எச்சரிக்கையையும் அவித்துவிடும். ஆகவே பொதியாக்குநர் முடிவெண்ணோடு நில்லாது, ஓடியவற்றின் தொகையையும் நோக்குதல் வேண்டும். முந்திய பதிப்பில் 212 ஓடியவிடத்து இப்பதிப்பில் 12 ஓடின என்றால், யாவும் வென்றனவாயினும் அங்கே வினா எழுதல் வேண்டும்.

சோதனைக் கோப்புகளே வந்துசேராமையும் உண்டு. பைத்தான் பொதிக் களஞ்சியத்தில் ஆசிரியர் வெளியிடும் மூலக் கட்டில் சோதனைகளைச் சேர்க்காமல் விடுதல் பல திட்டங்களில் காணப்படுவது. அவ்விடத்துத் திட்டத்தின் மூலக்களத்தில் அப்பதிப்புக்கெனக் குறியிடப்பட்ட கட்டினைப் பெறுதல் தக்கது.

6. இரண்டாம் அளவை: எதன்மேல் ஓடின?

மூலநிரல் உள்ள கோப்புறை ஒன்று; நிறுவப்பட்ட பொருள் மற்றொன்று. பயனர் கைக்குச் செல்வது பின்னது. ஆயின் சோதனை முன்னதன்மேல் ஓடிவிடுதல் மிக எளிது.

பைத்தான் ஒரு நிரற்கூற்றை வேண்டும்போது, தேடுவழிப் பட்டியலில் முதற்கண் அகப்படுவதையே எடுத்துக்கொள்ளும். பைத்தானின் வழியே கூறாக அழைத்து ஓட்டின், இருக்கும் கோப்புறை அப்பட்டியலின் தலைப்பில் இடம்பெறும். அவ்வாறன்றிப் பைடெஸ்டை நேரே அழைப்பினும், அதன் இயல்பான ஏற்பாட்டில் சோதனைக் கோப்பின் மேலுள்ள கோப்புறை பட்டியலின் முன்னே செருகப்படும். சோதனைகள் நிரலின் கோப்புறைக்குள்ளேயே வைக்கப்பட்டிருப்பின் மூலநிரலே முதலில் அகப்படும்.

இதன் விளைவு இருவகைப்படும். சி மொழியில் எழுதித் தொகுக்கப்படும் பகுதிகளை உடைய நிரலாயின், மூலக் கோப்புறையில் அப்பகுதிகள் தொகுக்கப்படாமல் இருத்தலின் சோதனை உடனே முறியும். இது கண்கூடான பிழை, திருத்துதல் எளிது. பைத்தான் மட்டுமே உடைய நிரலாயின் சோதனை இனிது வெல்லும். அங்கேதான் இடர் உள்ளது. சொற்பட்டியலோ விதிப்பட்டியலோ தனிக் கோப்பாக அமைந்த தமிழ்ச் சொற்பிரிப்பி ஒன்றைக் கருதுக. நிறுவும்போது அப்பட்டியல் விடுபட்டுவிட்டது எனக் கொள்வோம். மூலக் கோப்புறையில் அஃது இருத்தலின் சோதனைகள் யாவும் ஒக்கும். பயனர் பெறும் பொதியிலோ அஃது இராது. எல்லாச் சோதனையும் வென்ற பொதி முதற் பயனரிடத்தே முறியும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் மூன்று. நிரலைத் தனி உட்கோப்புறையில் வைத்து, மேற்கோப்புறையிலிருந்து தற்செயலாக அகப்படாதவாறு செய்தல் ஆசிரியர் செய்யத்தக்கது. சோதனைகளை வேறிடத்துக்குப் பெயர்த்து ஓட்டுதலும், பொதியைத் தற்காலிக இடத்தில் நிறுவித் தேடுவழியை அதன்பால் திருப்புதலும் பொதியாக்குநர் செய்யத்தக்கவை.

7. மூன்றாம் அளவை: எவற்றோடு ஓடின?

இயங்குதளத்தில் உள்ள நூலகங்களோடு இப்பொதி இயங்குமா என்பதே வினாவாதலின், அந்நூலகங்களையே கொண்டு சோதித்தல் வேண்டும். டாக்ஸ் பொதியாக்கத்திற்கு நேரே பொருந்தாமைக்குக் காரணம் இதுவே. அது தனிச்சூழலை அமைத்து, தான் பெற்ற பதிப்புகளோடு சோதிக்கும். அச்சோதனை வெல்லினும், பயனர் கணினியில் உள்ள பதிப்புகளைப் பற்றி அது ஒன்றும் கூறியதாகாது. மேலும், கட்டும் பொழுது இணையத்தை நாடலாகாது என்பது டெபியனின் கொள்கை. ஜென்டூ இயல்பாகவே வலைத்தொடர்பைத் துண்டித்துக் கட்டுகின்றது. வலையிலிருந்து வருவது நாளுக்கு நாள் மாறக்கூடியதாகலின், நேற்றுக் கட்டியது போன்றே இன்றும் கட்டமுடியும் என்னும் உறுதி அதனாற் கெடும். எனினும் டாக்ஸின் கோப்பு பயனற்றதன்று. ஆசிரியர் எவ்வோட்டியை எவ்விருப்பங்களோடு அழைக்கின்றார் என்பதை அறிதற்கு அதுவே சிறந்த சான்று. அதனைப் படித்தறிந்து, உள்ளிருக்கும் கட்டளையை மட்டும் நேரே இயக்குதல் அமையும்.

சூழலில் வேண்டாதன புகுதலும் உண்டு. கணினியில் நிறுவப்பட்டுள்ள எந்தப் பைடெஸ்ட் செருகுநிரலும், வேண்டப்படாமலே தானாக ஏற்றப்படும். ஒருவர் கணினியில் உள்ள செருகுநிரல் மற்றொருவர் கணினியில் இராது; ஆகவே ஒரே பொதி ஓரிடத்து வென்று பிறிதோரிடத்துத் தோற்கும். இத்தன்னேற்றத்தைச் சூழல்மாறி ஒன்றனால் நிறுத்திவிட்டு, வேண்டிய செருகுநிரல்களை மட்டும் பெயர்சுட்டி ஏற்றுதல் நன்முறை.

ஆசிரியர்க்குப் பயன்பட்டுப் பொதியாக்குநர்க்குப் பயன்படாத விருப்பங்களும் உள. நிரலின் எத்தனை வரிகள் சோதிக்கப்பட்டன என அளத்தல் அவற்றுள் ஒன்று. அது நிரலை மேம்படுத்துவோர்க்குரிய செய்தி. பொதி இயங்குமா என்பதற்கு அது சான்றாகாது. அவ்வளவைக்குரிய செருகுநிரல் இல்லையெனின் சோதனையே தொடங்காது நிற்றலும் உண்டு. எச்சரிக்கைகளைப் பிழையாகக் கொள்க என்னும் கட்டளையும் இத்தகையதே. புதிய நூலகம் ஒன்று, 'இம்முறை வருங்காலத்தில் நீக்கப்படும்' என எச்சரித்த அளவிலேயே, இன்று நன்கு இயங்கும் நிரல் தோற்றதாகக் காட்டப்படும். இவ்விருப்பங்களை நீக்கி ஓட்டுதல் சோதனையை நெகிழ்த்தலாகாது. வினாவுக்குப் புறம்பானவற்றை விலக்குதலே ஆகும்.

8. ஒவ்வாத சோதனையை என் செய்வது?

ஒரு சோதனை தோற்றவிடத்து, தோற்றது நிரலா, சோதனையா, சூழலா என்று பகுத்துணர்தல் முதற்கடன். பைத்தான் 3.12 பதிப்பு, யூனிட்டெஸ்டில் இரு மதிப்புகளின் ஒப்புமையைக் காணும் கூற்றின் பழைய மாற்றுப்பெயரை நீக்கியது. அப்பெயரைக் கையாண்ட சோதனைகள் அனைத்தும் ஒருங்கே தோற்றன. அங்கே நிரலில் பிழையில்லை. சோதனையின் சொல் பழமைப்பட்டது. அதனைத் திருத்தி ஆசிரியர்க்கு அறிவித்தல் முறை. இணையத்தை நாடும் சோதனை, வலையற்ற சூழலில் தோற்றல் இயல்பு; அதனை விலக்கலாம். குறித்த நேரத்துக்குள் முடிதல் வேண்டும் என எதிர்பார்க்கும் சோதனை, சுமைமிக்க கணினியில் ஒருகால் வென்று ஒருகால் தோற்கும்; அதனையும் விலக்குதல் தகும்.

விலக்குங்கால் தோற்றதனை மட்டும் பெயர்சுட்டி விலக்குதல் வேண்டும். காரணத்தை அருகே எழுதுதல் வேண்டும். ஒரு சோதனை தோற்றமைக்காகக் கோப்பு முழுவதையும், அன்றிச் சோதனை முழுவதையும் நிறுத்துதல், ஓரேட்டில் ஒருவரி சிதைந்தமைக்காகச் சுவடியையே விடுத்தலை ஒக்கும். காரணம் எழுதப்படாத விலக்கு, அடுத்த பதிப்பைக் கட்டுவோர்க்கு மீட்கத்தக்கதா அன்றா என அறியமுடியாத சுமையாகும்.

மற்றோர் இடர் சுழற்சார்பு. பைடெஸ்ட் இயங்குதற்குப் பிளக்கி என்னும் நூலகம் வேண்டும். பிளக்கியைச் சோதித்தற்குப் பைடெஸ்ட் வேண்டும். புதிய பைத்தான் பதிப்புக்கு முதன்முதலாக இவற்றைக் கட்டுவோர், ஒன்றனைச் சோதியாது கட்டி, மற்றதனைக் கட்டிய பின்னர் மீண்டு வந்து சோதித்தல் வேண்டும். இதற்கெனவே டெபியனில் சோதனையை விடுத்துக் கட்டும் ஏற்பாடும், ஜென்டூவில் சோதனைச் சார்புகளைத் தனியே பிரித்துக் காட்டும் கொடியும் உள்ளன. யூனிட்டெஸ்டுக்குப் புறச்சார்பு இன்மையின், அடிநிலை நூலகங்களில் இடமிருப்பின் அதனைத் தேர்தல் இச்சுழலைக் குறைக்கும்.

9. வழங்கல்களின் நடைமுறை

மேற்கூறிய அளவைகள் மூன்று வழங்கல்களிலும் வெவ்வேறு வடிவிற் பயில்கின்றன. ஜென்டூவில் பொதியாக்குநர் ஓட்டியின் பெயரை ஒருவரியிற் குறிப்பிடுகின்றார். அதற்குரிய சார்புகள் தாமே சேர்க்கப்படுகின்றன. பொதி தற்காலிக இடத்தில் நிறுவப்பட்டு, பொதியாக்குநர் பொருந்துமெனக் குறித்தனவற்றுள் கட்டுவோர் தேர்ந்த பைத்தான் பதிப்பு ஒவ்வொன்றிலும் சோதனை ஓடுகின்றது.

டெபியனில் பைபில்டு என்னும் கருவி, கட்டுதற்குரிய சார்புகளைப் பார்த்து ஓட்டியைத் தெரிகின்றது. பைடெஸ்ட் குறிக்கப்பட்டிருப்பின் அதனையும், வேறொன்றும் குறிக்கப்படாதவழி யூனிட்டெஸ்டையும் அது கொள்கின்றது. இங்கே ஓட்டித் தேர்வு வெளிப்படையாக எழுதப்படாமல் சார்புப் பட்டியலிற் கரந்திருத்தலின், பட்டியலில் ஒருபெயர் விடுபடின் முதல் அளவையிற் கூறிய கேடு நேரக்கூடும் என்பது கருதத்தக்கது. ஆயின் டெபியனில், நிறுவிய பின்னர்ப் பொதியைச் சோதிக்கும் தனிச்சோதனை முறையும் உண்டு. அஃது இரண்டாம் அளவைக்கு நேரிய விடையாகும்.

ஃபெடோராவில் பொதிக்குறிப்பில் சோதனைக்கெனத் தனிப்பகுதி உண்டு. நிறுவப்பட்ட இடத்தை நோக்கித் தேடுவழியைத் திருப்பிப் பைடெஸ்டை அழைக்கும் குறுங்கட்டளை உண்டு. டாக்ஸின் கட்டளைகளைப் புதுச்சூழல் அமைக்காமல் இருக்கும் சூழலிலேயே இயக்கும் ஏற்பாடும் உண்டு. சோதனைகளை ஓட்டவியலாதவிடத்து, நிரற்கூறுகளைப் பைத்தான் ஏற்றவாவது இயல்கின்றதா எனக் காண்டல் கட்டாயம் என்கின்றன அதன் வழிகாட்டு விதிகள். கூறுகளை ஏற்றிப் பார்த்தல் சோதனையின் மிகத் தாழ்ந்த படி. எனினும் நிறுவாது விடுபட்ட கூறுகளை அதுவே காட்டிவிடும்.

10. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். ஆசிரியர் கையாளும் ஓட்டியையே இயல்பாகத் தேர்தல் வேண்டும். சோதனைகள் இருவகையாயும் கலந்திருப்பின் பைடெஸ்ட் தக்கது. அடிநிலை நூலகமாய், சோதனைகள் வகுப்புமுறையில் அமைந்திருப்பின் யூனிட்டெஸ்ட் தக்கது. தனி ஓட்டி உடைய திட்டத்திற்கு அத்தனி ஓட்டியே தக்கது. நோஸையும் செட்டப்டூல்ஸின் பழங்கட்டளையையும் இன்னும் சார்ந்திருக்கும் திட்டங்களை வேறோட்டிக்கு மாற்றுதல் வேண்டும். டாக்ஸைச் சான்றாகக் கொள்ளலாம், சூழலாகக் கொள்ளலாகாது.

எவ்வோட்டியைத் தேர்ந்தாலும், எத்தனை ஓடின, எதன்மேல் ஓடின, எவற்றோடு ஓடின என்னும் மூன்று வினாக்கட்கும் விடை கூறவியலுமாயின் அத்தேர்வு நன்று. இவற்றுள் ஒன்றற்கேனும் விடையில்லையாயின், 'சோதனை வென்றது' என்னும் சொல்லை ஏற்றுக்கொள்ளல் ஆகாது. தமிழ்த் தரவுகளைக் கணினிவழி ஆயும் மாணவரும், தாம் கையாளும் நிரல் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதைப் பொதிக்குறிப்பில் ஒருமுறை நோக்குதல் நலம். ஏட்டின் நம்பகத்தை ஆராயாது பாடம் கொள்ளாத நாம், எண்ணைத் தரும் கருவியின் நம்பகத்தையும் ஆராய்ந்தே கொள்ளுதல் வேண்டும்.